நீ அறுத்த கொடியும் நான் அழுகவைத்த வேரும்

அப்பு,

உன் அம்மாவின் மணி பிளாண்ட் கொடியை அவளைக் கேட்காமல் நீ அறுத்தாய். நடந்த தவறு இதுதான். அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். போனில் பேசினால் நீ "அத விடுப்பா" என்பாய், உன் மனைவி "செடிதான மாமா, திரும்ப வளந்துரும்" என்பாள், நானும் எதையாவது உறுமிவிட்டு போனை வைத்துவிடுவேன். தாளில் எழுதினால் குறுக்கே பேச ஆள் இல்லை. இது வேறு யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். வீட்டில் ஒருவரைக் கட்டிலோடு வைத்துக்கொண்டு, அவருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஓடியாடும் எல்லோருக்கும் இதில் ஒரு வரியாவது உதவும்.

நீ அறுத்த நாளிலிருந்து இன்றோடு இருபத்து மூன்று நாள். இந்த இருபத்து மூன்று நாளில் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். அதைப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் வந்த சொற்கள் எப்படி வந்தன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ கோயம்புத்தூரில் இருந்தாய். போனில் "இன்னிக்கு ரெண்டு வார்த்த சொன்னா" என்று நான் சொல்வேன், "சூப்பர்ப்பா" என்று நீ சொல்வாய். அவ்வளவுதான் உனக்குத் தெரிந்தது.

தை மாதம் அவளுக்கு வாதம் அடித்து வலது பக்கம் விழுந்தபோது பேச்சும் சேர்ந்து போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் வரவில்லை. தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அந்தப் பெண் ஆப்பிள், பந்து, பூனை என்று அட்டைகளைக் காட்டினாள். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒண்ணாப்பு பிள்ளைக்குக் காட்டுகிற படத்தைத் தன் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்களே என்ற கோபம் அவள் கண்ணில் தெரிந்தது. "வீட்டுல தெனமும் மாறுற பொருளா ஏதாவது இருந்தாக் காட்டுங்க ஐயா, அதப் பத்திச் சொல்லணும்னு அவுகளுக்கே தோணணும்" என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். எங்கள் வீட்டில் தினமும் மாறுவது என்ன இருக்கிறது என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். காலண்டர் தாள் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

காலண்டர் ஆணியிலேயேதான் விடை இருந்தது. அந்த மணி பிளாண்ட் ஜன்னலோரம் பெயின்ட் வாளியில் இருந்து கிளம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி, காலண்டர் ஆணியைச் சுற்றி, பரண் விளிம்போடு போய், நான் அவள் கட்டிலை இழுத்துப் போட்டிருந்த மூலைக்குத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கண் அதன் நுனியில்தான் இருந்தது. நான் சுவரில் சிறு ஆணிகள் அடித்து, நூல் கட்டி, கொடியை அவள் தலைக்கு மேலே கொண்டுவந்தேன். காலையில் முகம் துடைத்துவிட்டதும் அதைக் காட்டுவேன். அவள் பார்ப்பாள். சித்திரையில் ஒரு நாள், நான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தபோது, பின்னால் இருந்து "எல" என்று கேட்டது. இலை. நான் திரும்பவே பயந்தேன். திரும்பினால் அது நான் கற்பனை செய்த சத்தம் என்று ஆகிவிடுமோ என்று. பிறகு "புதுசு" வந்தது. பிறகு "ரெண்டு". வைகாசியில் நான் ஸ்டூலில் ஏறி நுனியைக் கட்டிக்கொண்டிருந்தேன். கீழிருந்து நிதானமாக, இரண்டு சொல்லையும் தனித்தனியாக எடுத்து வைத்து, "கட்டத் தெரியல" என்றாள். நாற்பது வருடம் ஏலச் செடிக்கு முட்டுக் கொடுத்துக் கட்டிய கங்காணி என்னைப் பார்த்துச் சொன்னாள் அப்பு. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுப் பேச்சி, எங்களோடு ஏலக்காய் எஸ்டேட்டில் காய் எடுத்தவள், கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

"என்னண்ணே, என்னாச்சு?"

"ஒன் மதினி என்னைய வைய ஆரம்பிச்சுட்டா."

"அப்ப பொழச்சுக்கிட்டாக. நீங்கதான் இனி பொழைக்கிறது செரமம்."

ஆனி முடிவதற்குள் ஐந்து சொல் வரை சேர்த்துச் சொன்னாள். எல்லாம் கொடியைப் பற்றித்தான். மேலே போகிறது, சுருண்டிருக்கிறது, வெயில் படுகிறது, பல்லி உட்கார்ந்திருக்கிறது. மற்றதைப் பற்றிக் கேட்டால் திணறுவாள். கொடியைப் பற்றி என்றால் தானாக வரும். நீ கத்தரியை வைத்தது இதில்தான்.

நான்கு நாள் லீவில் வந்தாய். மூன்றாம் நாள் நான் அவளைப் பயிற்சிக்குத் தேனிக்குக் கூட்டிப் போனேன். "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டச் சுத்தம் பண்றேன்" என்றாய். திரும்பி வந்து, நானும் ஆட்டோக்காரரும் அவளைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்தபோது, ஜன்னல் விளிம்பில் ஆறு வெள்ளைத் தொட்டி வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு சாண் கொடி. நீ கையில் மண்ணோடு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய முகத்தோடு நின்றாய். "அம்மா, பாத்தியா? ஒன்னு ஆறாயிருச்சு. எங்க போனாலும் கார்ல தூக்கி வச்சுட்டுப் போயிறலாம்." அவள் தொட்டிகளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். ஆணிகளில் நூல் முடிச்சுகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை மெதுவாகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரக் கேட்டு அறுத்த?" என்றேன்.

"அப்பா, வேரு பூரா சுருண்டு கெடக்கு. வாளிக்குள்ள மண்ணே இல்ல, வெறும் வேருதான். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா மொத்தமாப் போயிருக்கும்."

"போனா ஏங் கையால போகட்டும். ஒன்னைய எவன் கேட்டான்?"

"எல்லாத்துக்கும் ஒங்களக் கேக்கணும்னா ஒன்னுமே நடக்காதுப்பா. ரெண்டு வருசமா இதத்தான சொல்றேன்?"

"கார்ல தூக்கி வச்சுட்டுப் போறதுக்குத்தான இத்தன தொட்டி? எங்களையும் இப்படித்தான் துண்டு போட்டுக் கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டுப் போவியா? கெளம்பு. இப்பவே கெளம்பு. இனி இந்த வீட்டுப் படிய மிதிக்காத."

அவள் கட்டிலுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். நீ பையை எடுத்தாய். அவள் காலைத் தொட்டாய். நாலரை மணி பஸ்சுக்குப் போய்விட்டாய். இதில் ஒன்றும் நான் மறைக்கவில்லை.

இப்போது நீ ஒன்று கேட்பாய், எனக்குத் தெரியும். அந்தச் செடியை அம்மாவே கேட்காமல்தானே எடுத்து வந்தாள் என்பாய். உண்மைதான். எஸ்டேட் பங்களா வாசலில் தொங்கிய கொடியில் இரண்டு கணு ஒடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். கேட்டு வாங்கினால் மணி பிளாண்ட் வளராது, எடுத்து வந்தால்தான் வளரும் என்று எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் நம்பினாள். நான் அன்றைக்கே "திருட்டுச் செடி" என்று திட்டினேன். ஆனால் பங்களாவில் யாரும் அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு பேசக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் அந்த வாதம் இங்கே செல்லாது.

நீ சொன்ன இன்னொன்று செல்லும். வேரைப் பற்றிச் சொன்னது. ஊற்றுகிற தண்ணீர் மண்ணில் நிற்காமல் அடி ஓட்டை வழியே அப்படியே வெளியே வந்ததை நான் இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறேன். வாளிப் பக்கத்து இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. நுனியில் வரும் புது இலை ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறிதாக வந்தது. வெற்றிலை அளவு இருந்தது புளிய விதை அளவுக்கு வந்துவிட்டது. நீ ஒவ்வொரு முறை வரும்போதும் "தொட்டி மாத்தணும்பா" என்பாய், "மழ வரட்டும்" என்று நான் சொல்லுவேன். மழை வந்தது, போனது. நான் தொடவில்லை. முதல் வருடம் சோம்பல். அவள் படுத்த பிறகு பயம். பிடுங்கி வைக்கும்போது நுனி வாடிவிட்டால், அதோடு அவள் பேச்சும் வாடிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கத்தரியை எடுத்திருக்க மாட்டாய். நான் சொன்னதெல்லாம் மழையைப் பற்றித்தான். உனக்கு எப்படித் தெரியும்? இதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வதால் நீ கேட்காமல் அறுத்தது சரியாகிவிடாது.

அடுத்து நான் செய்ததைக் கேள். நீ போன மறுநாள் காலையில் அந்த ஆறு தொட்டியையும் கவிழ்த்தேன். உள்ளே ஏதோ தேங்காய் நார்த்தூளும் வெள்ளை வெள்ளையாக உருண்டையும் கலந்து வைத்திருந்தாய். இது மண்ணா, மெத்தைக்குள் திணிக்கிற பஞ்சா என்று திட்டிக்கொண்டே வழித்து எறிந்தேன். குரங்கணியில் இருந்து வரும் ஜீப்பில் சொல்லிவிட்டு ஒரு சாக்குக் கறுப்பு மண் வரவழைத்தேன். ஏலத்தில் தூரைப் பிரித்து நடுவது எனக்குத் தூக்கத்தில்கூட வரும். பழைய தண்டு ஒன்று, இளங்குருத்து ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பெயர்த்து, சாணமும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு, மேலே சருகு மூடி, ஈரம் காயாமல் வைத்திருந்தால் எட்டு நாளில் நிமிர்ந்துவிடும். அதையே செய்தேன். சாணம், புண்ணாக்கு, சருகு மூடாக்கு, காலையும் மாலையும் தண்ணீர். ஆறு தொட்டிக்கும் நடுவீட்டில் ஒரு ஏலக்காடு போட்டேன். எட்டாம் நாள் ஒரு இலை மஞ்சளானது. தாகம் என்று நினைத்து இன்னொரு சொம்பு ஊற்றினேன். பத்தாம் நாள் இரண்டு இலை. இன்னும் ஊற்றினேன். அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொல் இல்லை. "என்ன பண்ணட்டும் சொல்லு, சொல்லு" என்று நான் சொம்போடு நின்று கேட்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள் பேச்சி சாம்பார் கொடுக்க வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள்.

"அண்ணே, வீட்டுக்குள்ள என்ன செத்துக் கெடக்கு?"

"ஒன்னும் சாகல. ஒரம் போட்டிருக்கேன்."

அவள் ஒரு தண்டை விரலால் தொட்டாள். அது வெந்த கீரைத்தண்டு போல மடிந்தது. "ஏலக்காட்டு வைத்தியத்தத் தொட்டிச் செடிக்குப் பாத்திருக்கீக. மேல மலையில ஊத்துற தண்ணி சரிவுல ஓடிரும். இந்தத் தொட்டிக்குள்ள எங்கண்ணே ஓடும்? கங்காணிக்கு இது தெரியலையாக்கும்." நான்கு தொட்டி முழுதும் அழுகிப் போயிருந்தது. மீதி இரண்டில் மேல்கணு மட்டும் கெட்டியாக இருந்தது. அவள் என்னைக் கேட்கவில்லை. சொன்னால் நான் கேட்கமாட்டேன் என்று தெரிந்து, கத்தியால் அழுகல் வரை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு துண்டையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, கட்டில் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள். நீ அறுத்ததில் ஆறு உயிரோடு இருந்தது அப்பு. நான் காப்பாற்றியதில் இரண்டு மிஞ்சியது. நீ போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று கேலி செய்தவன் நான். செடியைப் பற்றி நான் படித்தது உரச்சாக்கின் மேல் இருந்த எழுத்தைத்தான். உன் வாத்தியார் போன், என் வாத்தியார் சாக்கு. என் சாக்கில் தொட்டியைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஆனால் நான் தூங்காமல் கிடப்பது செடிக்காக அல்ல. உன் அம்மா பேசாமல் இருப்பது நோயா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அவள் தண்ணீர் விழுங்கும்போது தொண்டையைப் பார்க்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்க்கிறேன். இடது கையைப் பிடித்து அழுத்தச் சொல்கிறேன், அழுத்துகிறாள், நேற்றைய அழுத்தம் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டு மறுபடியும் அழுத்தச் சொல்கிறேன். எரிச்சலில் கையை உதறிவிடுகிறாள். உதறினால் எனக்கு நிம்மதி. டாக்டரிடம் காட்டினேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, புதிதாக அடைப்பு எதுவும் இல்லை என்றார். பேச்சுப் பயிற்சிப் பெண் ஒருமணி நேரம் வைத்துப் பார்த்தாள். "நாக்கு, உதடு எல்லாம் முன்ன மாதிரியேதான் இருக்கு ஐயா. அவுக பேச முடியாம இல்ல, பேசாம இருக்காக. ஆனா ரொம்ப நாள் இப்படியே விட்றாதீங்க. கஷ்டப்பட்டு வந்த பேச்சு, பொழங்காம விட்டா திரும்பப் போயிரும்." போயிரும் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். நான் அந்தச் சொல்லோடுதான் ஒவ்வொரு காலையும் எழுகிறேன். இன்று ஒரு நாள் போய்விட்டது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று.

பேசாமல் இருக்கிறாள் என்று அந்தப் பெண் சொன்னதும் எனக்கு ஒரு ஜீப்பு ஞாபகத்துக்கு வந்தது. இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. நீ பிறப்பதற்கு முன், திங்கட்கிழமை காலையில் போடியில் இருந்து மலை மேல் மெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் உன் அம்மாதான் கச்சேரி. முந்தல் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவள் ஒரு கதையை எடுப்பாள். மெட்டு செக்போஸ்ட்டில் கதை முடியும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு சிரிப்பு. பதினேழு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜீப்பில் யாருக்கும் வாந்தி வராது, அவள் கதை கேட்டுக்கொண்டிருப்பதால். ஒரு திங்கட்கிழமை அவள் எடுத்த கதை என்னைப் பற்றியது. முந்தின வாரம் முதலாளி முன்னால் நான் சேற்றில் குப்புற விழுந்து எழுந்தபோது மேலுதட்டில் அட்டைப்பூச்சி தொங்கியது. "மொதலாளி கேக்குறாரு, என்ன கங்காணி, புது மீசையான்னு" என்றாள். ஜீப்பே குலுங்கியது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். நான் எல்லோர் முன்னாலும், "வாய வாடகைக்கா விட்டிருக்க? பொத்திக்கிட்டு வாடி" என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவள் அந்த ஜீப்பில் வந்தாள். ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் பேசுவாள், காட்டில் பேசுவாள், கடையில் பேசுவாள். ஜீப்பில் ஏறினால் முகத்தை வெளியே திருப்பிச் சரிவைப் பார்த்துக்கொண்டு வருவாள். மற்ற பெண்கள் கெஞ்சினார்கள். "அக்கா, ஒன்னே ஒன்னு சொல்லுக்கா, வளைவு கொமட்டுது." அவள் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். நான் ஒரு நாள்கூட, "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்லவில்லை. கங்காணி கீழே இறங்கிப் பேசினால் ஆள் மதிக்காது என்று நினைத்தேன். ஒன்பது வருடம் அப்பு. அவள் வாயில் சொல் நிறைந்து கிடந்த காலத்தில் நான் அடைத்தேன். இப்போது ஒவ்வொரு சொல்லாக வந்துகொண்டிருந்தபோது அதற்காக அவள் வாயைப் பார்த்துக் கிடந்தேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் அவள் மௌனம் எனக்குப் பழக்கம். தவறு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தில் அவள் வாயை மூடுவாள். அதைத் திறக்க வேண்டியது தவறு செய்தவன். இருபத்து மூன்று நாளில் முதல் பதினெட்டு நாள் அந்தத் தவறு உன்னுடையது என்று உறுதியாக இருந்தேன். நீ கொடியை அறுத்தாய், அதனால் பேசவில்லை. கணக்கு நேராக இருந்தது. உன் மனைவி தினமும் போன் செய்து "அத்தை பேசுனாங்களா மாமா?" என்று கேட்பாள். "ஒன் புருசன் பண்ணின வேலைக்கு எப்படிப் பேசுவா?" என்பேன். அவள் போனை வைத்துவிடுவாள். ஒரு நாள் மட்டும், "அவர் தெனமும் ஆபீஸ்ல இருந்து வந்ததும் அதான் மாமா மொதல்ல கேக்குறாரு" என்றாள். நான் அதைக் காதில் வாங்காதது போல இருந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாக ஒரு வேர் தெரிந்தது. அரிசி நீளம்தான். இன்னொரு துண்டிலும் புடைப்பு இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். "பாரு, வேரு விட்ருச்சு. இன்னைக்கே தொட்டியில வச்சுருவமா? ஆணியெல்லாம் அப்படியேதான் இருக்கு. பழைய எடத்துலயே ஏத்திருவோம்." அவள் இடது கையை நீட்டிப் பாட்டிலை வாங்கினாள். வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நான் திரும்ப வாங்கப் போனேன், விடவில்லை. தண்ணீர் அலம்பிச் சேலையில் கொட்டியது. அப்படியும் விடவில்லை. அப்போதுதான் அவள் வாய் திறந்தது. உதடு இரண்டு முறை கூடிக் கூடிப் பிரிந்தது. "கூப்புடு" என்றாள்.

"யார? பேச்சியவா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது. யாரைச் சொல்கிறாள் என்று தெரிந்துகொண்டே நான் பேச்சியைக் கூப்பிட்டேன். பேச்சி வந்தாள். "என்ன மதினி, என்னையவா கூப்ட்டீக?" உன் அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்னையக் கூப்பிடலண்ணே. யாரக் கூப்பிடணும்னு ஒங்களுக்குத் தெரியும். நான் போறேன், எனக்குச் சோலி கெடக்கு" என்று போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான்கு நாளாக மறுபடியும் ஒன்றும் இல்லை. பாட்டிலை மட்டும் பேச்சியிடம் கொடுத்து ஜன்னலில் வைக்க விட்டாள். நான் கை நீட்டினால் கொடுப்பதில்லை.

அவள் கொடிக்காகப் பேசாமல் இருக்கவில்லை. அறுந்த கொடியைப் பார்த்துக் கண்ணை மூடினாள், உண்மை. ஆனால் வாயை மூடியது அதற்கு அடுத்த நிமிடம். அவள் தலைமாட்டில் நின்று, அவளுடைய மகனை, அவளைக் கேட்காமல் நான் வெளியே போகச் சொன்ன நிமிடம். நீ அறுத்ததும் கேட்காமல்தான், நான் அறுத்ததும் கேட்காமல்தான். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. போனை எடுத்து உன் பேரை அமுக்கப் போவேன், விரல் மடங்கிக்கொள்ளும். "வாடா" என்ற ஒரு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. வாதம் அடித்தது எனக்கா அவளுக்கா என்று பேச்சி கேட்டாலும் கேட்பாள். அதனால்தான் இந்தத் தாள். நான் இறங்கிவிட்டேன் என்று நினைக்காதே. நீ செய்தது தவறு, அதில் மாற்றம் இல்லை. நான் செய்ததும் தவறு. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். ஒன்றைக் காட்டி ஒன்றைக் கழிக்க வேண்டாம்.

நேரம் இல்லை. அந்தப் பெண் சொன்ன "போயிரும்" தலைக்கு மேல் தொங்குகிறது. அதனால் இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன்.

நீ இந்தத் தாள் கிடைத்த அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு வர வேண்டும். வாரக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். தொட்டி ஒன்று போதும். பெரிதாக வேண்டாம், வேரைவிட இரண்டு விரல் அகலம் கூட இருந்தால் போதும், அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நான் வழித்து எறிந்தேனே என்று நீ கேலி செய்யாமல், அதே நார்த்தூளும் அந்த வெள்ளை உருண்டையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

உன் மனைவியும் வர வேண்டும். போனில் அவளிடம் நான் பேசிய பேச்சுக்கு நேரில்தான் பதில் சொல்ல முடியும். அவள் என்னைத் திட்டினால் நீ நடுவில் வரக்கூடாது.

நீங்கள் வரும்வரை பேச்சி மூன்று நாளைக்கு ஒருமுறை பாட்டில் தண்ணீரை மாற்ற வேண்டும். அவள் செய்கிறாள், சொல்ல வேண்டியதில்லை. செடி தொட்டிக்கு வந்த பிறகும் தண்ணீர் ஊற்றும் வேலை அவளுடையதுதான். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். நான் சொம்பை எடுத்தால் பிடுங்கிக்கொள்ளலாம்.

நான் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டும், வருவேன். படியை மிதிக்காதே என்று சொன்னது கட்டில் பக்கத்தில். அது தவறு என்று சொல்ல வேண்டியதும் அதே இடத்தில், அவள் காதில் விழும்படி. அதை நான் சொல்ல வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

கோயம்புத்தூருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்ற பேச்சை நீயும் எடுக்க வேண்டாம், நானும் எடுக்க வேண்டாம். அதையும் அவளிடம்தான் கேட்க வேண்டும், இன்னொரு நாளைக்கு, தனியாக.

அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி. நீ அவள் முன்னால் உட்கார்ந்து, தொட்டியை எங்கே வைக்கட்டும் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவள் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் முந்திக்கொண்டு அதை எடுத்துக் கொடுத்துவிடுகிறேன் என்று அந்தப் பெண் என்னைக் கடிந்துகொண்டாள். எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன். அன்றைக்கு நான் செய்யக்கூடாது, நீ செய்யக்கூடாது. ஜன்னலா, பரணா என்று நீயாகக் கையைக் காட்டக் கூடாது. சாப்பாட்டு நேரம் போனாலும், நீ திரும்ப வேண்டிய பஸ்சு போனாலும் எழுந்திருக்கக் கூடாது. இடத்தை அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லும்வரை அந்தத் தொட்டியில் ஒரு பிடி மண் விழக்கூடாது.